ஆலய வாயிலும் அரசாங்க மானியமும்

திருகோணமலைக்கு வரும் யாத்திரிகர் முதலிற் காண விழைவது கோணேசப் பெருமானின் திருக்கோயிலையே. கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கும் சுவாமி மலையின் உச்சியை அடையவேண்டுமாயின், பிரெட்றிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். கோட்டை இன்றும் படையினரின் முகாமாகவே உள்ளது. மான்கள் அச்சமின்றி மேயும் அப்பாதையில் நடந்து செல்வோர், காவலர் நிற்கும் வாயிலை முதலிலும், கைகூப்பி நுழையும் வாயிலைப் பின்னரும் காண்கின்றனர். காவலும் வழிபாடும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடம் நம் நாட்டில் வேறு உண்டோ என்பது ஐயமே.

இந்நெருக்கத்தின் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. 1624ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இத்தலத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டுவித்தான். புத்தாண்டுப் பெருநாளில் மூர்த்தி திருவுலா எழுந்தருளியிருந்த வேளையில், பகைவர் அந்தணர் வேடம் பூண்டு உட்புகுந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. எல்லோரும் வரலாம் என்று கதவு அகலத் திறந்திருந்த நாளையே பகைவன் தேர்ந்தெடுத்தான். ஆயினும் அடியவர் சிலர் திருவுருவங்களை மண்ணுள் மறைத்துக் காத்தனர். 1950ஆம் ஆண்டில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட வெண்கலத் திருவுருவங்கள் அதற்குச் சான்றாயின. 1963ஆம் ஆண்டில் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. மதில் காவாததை மனிதரின் முன்யோசனை காத்தது.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் சென்றும் அவ்விடர் நீங்கிற்றில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் நமது கிழக்கு மாகாணத்து மட்டக்களப்பிலும் உள்ள தேவாலயங்களிலும், தலைநகரின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக்குத் தோட்பையுடன் வந்த அயலானை, வாயிலருகே நின்ற அடியவர் ஒருவர் வினவி, உள்ளே புகவிடாது தடுத்தார். வெளியிலேயே குண்டு வெடித்தது. தடுத்தவரும் குழந்தைகள் பலரும் உயிர் துறந்தனர். உள்ளே கூடியிருந்த பெருங்கூட்டத்தினிடையே அது வெடித்திருப்பின் விளைவு எத்தகையதாய் இருந்திருக்கும்! அவ்வடியவரிடம் படைக்கலம் ஏதும் இருந்ததில்லை. வருபவனை உற்று நோக்கும் விழிப்பு ஒன்றே இருந்தது.

இக்கொடுமையைக் குறித்து 2023 ஜனவரி 12ஆந் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கிற்று. முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் உரிய நடவடிக்கை எடாமையால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று கண்டு, முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்புத் துறையின் உயர் அலுவலர் சிலரும் நட்டஈடு செலுத்துமாறு அது பணித்தது. வழிபட வரும் குடிமகனின் உயிரைக் காத்தல் அரசின் கடமை என்பது இதனால் உறுதியாயிற்று.

கடமை அரசுடையதாயினும் கதவு ஆலயத்துடையது. அதனைத் திறப்பவரும் மூடுபவரும் ஆலயத்தாரே. ஆதலின் காவலுக்காகும் செலவை யார் ஏற்பது என்னும் வினா எழுகின்றது. விளக்கெரிக்கவும் திருவிழா எடுக்கவும் அடியார் இடும் காணிக்கையில், இரும்புக் கதவுக்கும் கண்காணிப்புக் கமராவுக்கும் பங்கு ஒதுக்கச் சிறிய ஆலயங்களால் இயலுமா? இவ்வினாவுக்குச் சில நாடுகள் கண்ட விடையே இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான பாதுகாப்பு மானியம்.

கடல் கடந்த செய்தி நமக்கு எதற்கு என்று வாசகர் எண்ணுதல் வேண்டா. நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றின் மக்கள் இன்று கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். இலண்டன் ஹைகேற் குன்றின் முருகன் ஆலயம், கனடாவின் றிச்மண்ட் ஹில் விநாயகர் ஆலயம், நியூயோர்க் பிளஷிங்கில் உள்ள கணபதி ஆலயம் முதலியவற்றை அறியாத தமிழர் சிலரே. நம் அண்ணன்மாரும் மருமக்களும் அத்தகைய ஆலயங்களின் சபைகளில் இருந்து தொண்டாற்றுகின்றனர். விண்ணப்பப் படிவம் ஒன்று வந்தால், ஊரிலுள்ள படித்த பிள்ளைகளின் துணையை நாடுவதும் உண்டு. ஆகவே இது நம் வீட்டுச் செய்தியே.

ஐக்கிய அமெரிக்காவில் இம்மானியம் 2005ஆம் நிதியாண்டில் 2 கோடி 50 இலட்சம் டொலருடன் தொடங்கிற்று. 2024ஆம் நிதியாண்டில், காங்கிரஸ் அளித்த மேலதிகத் தொகையையும் சேர்த்து, ஒதுக்கீடு 45 கோடி டொலரைத் தாண்டியது. இவ்வளர்ச்சி மகிழத்தக்கதன்று; ஒவ்வொரு உயர்வின் பின்னும் குருதி சிந்திய நாள் ஒன்று உண்டு. 2012 ஓகஸ்ட் 5ஆந் திகதி விஸ்கொன்சின் மாநிலத்து ஓக் கிறீக் சீக்கியர் குருத்துவாராவில், அமுது சமைத்துக்கொண்டிருந்த வேளையில் துப்பாக்கி ஏந்தியவன் ஒருவன் புகுந்து பலரைக் கொன்றான். 2018 ஒக்ரோபர் 27ஆந் திகதி பிற்ஸ்பர்க் நகரின் யூதர் ஆலயத்தில் 11 பேர் மாண்டனர். இந்து ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. 2024 செப்டெம்பரில் நியூயோர்க் மாநிலத்து மெல்வில் சுவாமிநாராயணர் ஆலயத்தின் முகப்பில் வெறுப்பு மொழிகள் எழுதப்பட்டிருந்தன.

கனடாவில் இத்தகைய திட்டம் 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏற்றுக்கொள்ளப்பட்ட செலவில் பாதியை அரசு வழங்கும். மறுபாதியை ஆலயமே திரட்டவேண்டும் என்பது நெடுங்கால விதியாய் இருந்தது. 2024இல் அத்திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது அரசின் பங்கு 70 வீதம் வரை உயர்ந்தது. பிரித்தானியாவில் உள்துறை அமைச்சு 2016ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள வழிபாட்டிடங்களுக்கென ஒரு திட்டத்தை நடத்தி வந்துள்ளது. மேலும் 2017 மே 22ஆந் திகதி மான்செஸ்ரர் இசை அரங்கில் 22 பேர் கொல்லப்பட்ட நிகழ்ச்சியின் விளைவாக, 2025 ஏப்ரல் 3ஆந் திகதி ஒரு சட்டம் அங்கு அரச இசைவு பெற்றது. 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய பொது இடங்களின் பொறுப்பாளர், ஆபத்து நேரின் என் செய்வது என்பதை முன்னரே வகுத்து வைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆயத்தம் செய்ய இரண்டாண்டுகளுக்குக் குறையாத அவகாசம் அளிக்கப்படும் என்று அரசு அறிவித்தது. திருவிழா நாளில் 200 பேர் கூடாத தமிழர் ஆலயம் அங்கு அரிது.

இனி, விண்ணப்பம் செய்யும் முறையை நோக்குவோம். அமெரிக்க முறையை எடுத்துக்கொண்டால், ஆலயம் மத்திய அரசுக்கு நேரே எழுதுதல் இயலாது. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென அமைந்த நிருவாக அலுவலகத்துக்கே விண்ணப்பத்தை அனுப்பவேண்டும். அவ்வலுவலகம் ஆராய்ந்து புள்ளியிட்டு மத்திய அரசுக்கு அனுப்பும். முடிவுத் திகதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அமைப்புக்குரிய தனி அடையாள இலக்கம் ஒன்றையும் பெற்றிருத்தல் அவசியம். அறிவிப்பு வெளியான பின்னர் ஆயத்தம் செய்யத் தொடங்குவோர் பெரும்பாலும் காலந் தாழ்ந்தோரே ஆவர்.

விண்ணப்பத்தின் உயிர்நாடி மூன்று வினாக்கள். முதலாவது, அச்சுறுத்தல் யாது? வந்த மிரட்டற் கடிதம், உடைக்கப்பட்ட கண்ணாடி, பொலிஸாரிடம் செய்த முறைப்பாடு ஆகியவற்றைத் திகதியுடன் கூறவேண்டும். இரண்டாவது, நம் குறைபாடு யாது? பின்புறத்துக் கதவின் பூட்டுப் பழுதாயிருத்தல், வாகனத் தரிப்பிடத்தில் விளக்கின்மை, மடைப்பள்ளி வழியாக எவரும் புகக்கூடியதாயிருத்தல் முதலியவற்றை ஒளியாது எழுதவேண்டும். மூன்றாவது, தீங்கு நேரின் விளைவு யாது? வெள்ளிக்கிழமை மாலை எத்தனை பேர் கூடுவர், அறநெறிப் பாடசாலைக்கு எத்தனை பிள்ளைகள் வருவர், முதியோர் எத்தனை பேர் என்பவை இதில் அடங்கும். இம்மூன்றுக்கும் அடிப்படையாக, பொலிஸாரோ பாதுகாப்புத் துறை வல்லுநரோ இடத்தைப் பார்வையிட்டு எழுதிய மதிப்பீடு ஒன்று இணைக்கப்படும். இப்பணியை ஊதியம் பெறாது செய்துதரும் அரசாங்க ஆலோசகரும் அங்கு உளர்.

இதன் பின்னரே வேண்டுவன யாவை என்பது வரும். கதவு, பூட்டு, மதில், விளக்கு, கமரா, எச்சரிக்கை மணி, காவலாளர், தொண்டர்களுக்கான பயிற்சி ஆகியன ஏற்கப்படும். ஒழுகும் கூரையைச் செப்பனிடுதல் போன்ற பொதுத் திருத்த வேலைகளை இதனுட் புகுத்துதல் ஆகாது. கேட்கும் ஒவ்வொரு பொருளும் முன்னர்க் கூறிய குறைபாடு ஒன்றுக்கு நேர் மருந்தாக அமைதல் வேண்டும். பின்வாயிற் பூட்டுப் பழுது என்று எழுதிவிட்டு முன்மண்டபத்துக்குப் பத்துக் கமராக்களைக் கேட்பின், படிப்போர் நகைப்பர். 2024ஆம் நிதியாண்டில் ஓர் இடத்துக்குப் பெருந்தொகை கேட்க இடமிருந்தது. ஆயினும் பெருந்தொகை கேட்போர் பெருவீரர் ஆகார். காரணங் காட்டிக் கேட்போரே வெல்வர்.

மற்றொரு செய்தியையும் மறத்தலாகாது. இம்மானியம் பொதுவாக முற்பணமாகத் தரப்படுவதன்று. ஒப்புதல் பெற்ற பின்னர் ஆலயம் செலவு செய்து, பற்றுச்சீட்டைக் காட்டியே பணத்தை மீளப் பெறும். கட்டடத்தில் மாற்றஞ் செய்வதாயின், சுற்றாடலுக்கும் பழமைச் சின்னங்களுக்கும் ஊறு நேராது என்னும் அனுமதியையும் முன்னரே பெறவேண்டும். அனுமதிக்கு முன் வேலையைத் தொடங்கிவிட்டுப் பின்னர் பணம் கேட்டல் பயனற்றது. ஆகவே கைம்முதலும் ஒழுங்கான கணக்கும் இல்லாத சபை, மானியம் கிடைத்த பின்னரும் இடர்ப்படும்.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பாதுகாப்பு மானிய விண்ணப்பம் கதவைப் பற்றியது போலத் தோன்றினும், உள்ளபடி அது சபையைப் பற்றியது. அமைப்பு முறையாகப் பதியப்பட்டுள்ளதா? யாப்பு உண்டா? கூட்டக் குறிப்பேடு எழுதப்படுகின்றதா? கணக்காய்வு நிகழ்கின்றதா? சாவி யாரிடம் உள்ளது என்பதையேனும் யாவரும் அறிவரா? இவற்றுக்கு உண்மையான விடை கூறவல்ல சபை, ஒரு சதமும் கிடையாவிடினும் பாதிக் காவலை அடைந்துவிட்டது. விடை கூற இயலாத சபைக்கு எத்தனை கமராக்கள் கிடைப்பினும் பயனில்லை.

இதில் ஒரு நீதிக்குறைவும் உண்டு. அமெரிக்கத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் யூத அமைப்புகளே மிகுதியான மானியத்தைப் பெற்றன. அவர்களுக்கு நேர்ந்த ஆபத்து மெய்யானதே. அதனோடு, விண்ணப்பம் எழுதவும் இடத்தை மதிப்பிடவும் துணைநிற்கும் பொதுச் சங்கங்களை அவர்கள் முன்னரே அமைத்திருந்தனர். இரண்டு அறை வாடகைக்குப் பிடித்து வழிபாடு நடத்தும் சிறிய சபைக்கோ ஆபத்து இருக்கும், எழுதுவோர் இரார். அண்மைய ஆண்டுகள் சிலவற்றில், முன்னர் மானியம் பெறாதோருக்கு மேலதிகப் புள்ளிகள் வழங்கி இக்குறையைத் தீர்க்க முயன்றனர். எனினும், எழுத வல்லோர் எழுத இயலாதோருக்குத் துணைநிற்பதே நிலையான மருந்தாகும். ஆலயங்கள் தனித்தனியே நின்று அலைவதை விடுத்து, ஓர் ஊரின் ஆலயங்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் உதவுதல் நன்று.

இம்முயற்சியை மறுத்துரைப்போரும் உளர். இறைவன் காப்பான், இரும்புக் கதவு எதற்கு என்பர் ஒரு சாரார். இறைவன் திருவுருவத்தையே மண்ணுள் மறைத்துக் காத்த நம் முன்னோர் பக்தியிற் குறைந்தவர் அல்லர். அரசின் பணத்தைப் பெற்றால் அரசின் கை உள்ளே நீளும் என்பர் மற்றொரு சாரார். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. படைமுகாமைக் கடந்து கோயிலுக்குச் செல்லும் திருகோணமலை மக்களுக்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டா. காவல் என்னும் பெயரால் வழிபடுவோரே ஐயத்துக்கு ஆளாதல் கூடாது. ஆகவே, எந்நிபந்தனையின் பேரில் பணம் தரப்படுகின்றது, கமராவிற் பதிந்த படங்களை யார் பார்க்கலாம், எத்துணைக் காலம் அவை வைக்கப்படும் என்பவற்றைக் கையொப்பமிடுமுன் சபை படித்து அறிதல் வேண்டும். பூட்டின் செலவை அரசு ஏற்கலாம். சாவி சபையின் கையிலேயே இருத்தல் வேண்டும்.

கோயில் கோட்டையாகிவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 2022 ஜனவரி 15ஆந் திகதி, குளிர் மிக்க காலை வேளையில், டெக்சஸ் மாநிலத்துக் கொலிவில் நகரின் யூதர் ஆலயத்துக்கு ஓர் அயலான் வந்தான். புகலிடம் தேடி வந்தவன் என்று கருதிய குரு, கதவைத் திறந்து தேநீர் அளித்தார். அவனோ துப்பாக்கியை எடுத்து நால்வரைச் சிறைப்பிடித்தான். ஏறத்தாழப் பதினொரு மணி நேரம் சென்றபின், தக்க தருணத்தில் அக்குரு நாற்காலியை அவன்மேல் வீசி, எஞ்சியிருந்த இருவருடன் வெளியே ஓடித் தப்பினார். ஒருவர் முன்னரே விடுவிக்கப்பட்டிருந்தார். தாம் பெற்றிருந்த பாதுகாப்புப் பயிற்சியே உயிர் காத்தது என்று அவர் பின்னர் கூறினார். தேநீர் அளித்தது தவறு என்று அவர் கூறினாரல்லர். வந்தோரை உபசரிக்கும் பண்பும் ஆபத்தில் நிலைகுலையாத பயிற்சியும் ஒருவரிடத்தே கூடி வாழ இயலும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. நல்ல காவலின் நோக்கம் கதவை மூடுவதன்று. அஞ்சாது திறந்து வைப்பதே.

இனி நம் ஊரை நோக்குவோம். இங்கு ஆலயங்கள் இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்திற் பதிவு செய்யப்படுகின்றன. தொண்டர் அமைப்புகளுக்கென 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பெரிய திருவிழாக்களுக்குப் பொலிஸாரின் உதவி கேட்டுப் பெறும் வழக்கமும் உண்டு. வெளிநாட்டு மானியம் போன்ற ஒன்று வரட்டும் என்று காத்திராமல், அம்மூன்று வினாக்களையும் நம் பரிபாலன சபைகள் இன்றே தமக்குத் தாமே விடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

தேர்த்திருவிழா அன்று நெரிசல் உண்டாயின் வெளியேறும் வழி எது? இரவில் அணையாது எரியும் விளக்குகள் எத்தனை? மடைப்பள்ளியின் எரிவாயுக் கொள்கலன் எங்கே வைக்கப்பட்டுள்ளது? வைத்தியசாலையின் தொலைபேசி இலக்கம் எவ்விடத்தில் எழுதப்பட்டுள்ளது? வாயிலில் நின்று வணக்கம் கூறி வரவேற்கவும், தனித்து விடப்பட்ட பொதியைக் கண்டு அறிவிக்கவும் பழகிய தொண்டர் உளரா? இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. மேலும், பத்திரகாளி அம்பாள் ஆலயமும் மரியன்னை பேராலயமும் பள்ளிவாசல்களும் விகாரைகளும் அண்டையில் அமைந்த நகரம் இது. ஒருவர் விழாவுக்கு மற்றவர் காவல் நிற்கும் வழக்கம் இங்கு வேரூன்றுமாயின், அதனிலும் உறுதியான மதிலை எந்த அரசாலும் எழுப்பித் தர இயலாது.

மாணவர்களுக்கு ஒரு சொல். கட்டுரை எழுதி மதிப்பெண் பெறுகின்றீர்கள், நன்று. ஆனால் ஒரு சபையின் தேவையைத் தெளிவாக, மிகையின்றி, கணக்குடன் எழுதிக் காட்டுதலும் கல்வியின் பயனே. அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்க்கோயிலின் தலைவரையோ செயலாளரையோ அணுகி, இம்மூன்று வினாக்களுக்கும் விடை எழுத உதவுங்கள். தளத்தின் படம் ஒன்றை வரையுங்கள், கதவுகளை எண்ணுங்கள், விளக்கில்லாத மூலைகளைக் குறியுங்கள். கடல் கடந்துள்ள சிற்றப்பாவுக்கோ மாமாவுக்கோ நாளை இத்தகைய படிவம் ஒன்றை நிரப்பவேண்டி நேர்ந்தால், அக்கைப்பழக்கம் அங்கும் உதவும்.

மறைத்த திருவுருவங்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மண்ணில் கிடந்து மீண்டன. மறைத்தோரின் பெயர் எவருக்கும் தெரியாது. பணி மாத்திரம் நின்றது. ஆலயத்தைக் காக்கும் பணி அத்தகையது. குடிமக்கள் இறுத்த வரியிலிருந்து வரும் உதவியைத் தகுதியுடன் கேட்போம், பெற்றால் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் காட்டுவோம், பெறாவிடினும் விழித்திருப்போம். நம் பிள்ளைகள் அஞ்சாது நுழையும் வாயிலாக ஆலய வாயில் என்றும் திறந்திருக்கட்டும்.